உப்புச் சேராத எலும்பு

என் காக்கி பேண்ட் தரையில் உரச ஆரம்பித்தது. துணி தளர்ந்துவிட்டது என்று நினைத்து என் மனைவி ஸ்டெல்லா கீழ்மடிப்பைப் பிரித்து ஏற்றித் தைத்தாள். சில மாதங்கள் போனதும் மறுபடியும் உரசியது. மறுபடியும் தைத்தாள். துணி நீளவில்லை, நான்தான் குட்டையாகிக்கொண்டிருந்தேன் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நாற்பது வயது ஆள் குட்டையாவான் என்று யார் நினைப்பார்கள்?

நான் அரசு பஸ் டிரைவர். பெயர் அருள்ராஜ். வீடு கடலூர் முதுநகரில். பல வருடமாகக் கடலூர் – சிதம்பரம் தடத்தில்தான் ஓட்டினேன். வலி முதலில் குதிகாலில் வந்தது, பிறகு இடுப்பு, அதன்பின் விலா. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தொடையின் உள்பக்கம் சுரீர் என்றது. இதற்கு எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருந்தது. "டிரைவருன்னா இடுப்பு வலி இல்லாமலா?"

டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், உடைசல் எதுவும் தெரியவில்லை. கால்சியம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஒருவர் டிஸ்க் என்றார். ஒருவர் வைட்டமின் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். கடைசியாகப் பார்த்தவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டெல்லாவிடம், வீட்டில் ஏதாவது கவலையா, மனசுக்கும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். வெளியே வந்து அதை என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். எனக்கே இருந்தது.

இருமினால் விலாவில் கத்தி வைத்தது மாதிரி இருந்தது. பஸ்ஸின் டிரைவர் பக்கப் படியில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. டிப்போவில் எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வண்டி எடுக்கப் போகும் நண்பர்கள் என்னைக் கடக்கும்போது பேச்சை நிறுத்துவார்கள். நடிக்கிறான் என்று பேசிக்கொண்டது ஒருநாள் காதிலேயே விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஆட்டோவில் வந்து வீட்டு வாசலில் இறங்கினேன். இடது காலைத் தரையில் வைத்தேன். விழவில்லை, வழுக்கவில்லை. தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே ஏதோ விட்டுப்போனது. அப்படியே ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த காலை எடுத்து வைக்க முடியவில்லை.

"ஏங்க, என்னாச்சு?"

"தெரியல. காலு என் பேச்ச கேக்கல."

கடலூரில் எக்ஸ்ரே பார்த்தவர்கள், தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் என்று சொல்லிச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். தொடை எலும்பு இடுப்புக் குழியில் சேரும் இடத்தில் ஒரு உருண்டை இருக்கிறது. அந்த உருண்டைக்குக் கீழே இருப்பதுதான் கழுத்து. அதில் விரிசல் விழுந்தால் காலை ஊன்றவே கூடாது. விரிசல் நகர்ந்து இரண்டாகிவிட்டால் உருண்டைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகலாம். நான் ஓட்டிய சாலையிலேயே ஆம்புலன்ஸில் படுத்தபடி போனேன். ஆலப்பாக்கம் தாண்டியது, பரங்கிப்பேட்டை திரும்பும் இடம் வந்தது எல்லாம் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது.

சிதம்பரத்தில் ஆண்கள் வார்டில் சேர்த்தார்கள். காலுக்குக் கட்டுப்போட்டு, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டு, அசையாமல் படு என்றார்கள். ஸ்டெல்லா முதுநகரில் தனியார் பள்ளியில் டீச்சர். அதிக நாள் லீவு கிடைக்காது. அதனால் அவள் தம்பி டேவிட் காடாம்புலியூரிலிருந்து வந்து என்னோடு தங்கினான். அவனுக்கு அங்கே முந்திரிப்பருப்பு உடைத்துத் தரம் பிரிக்கும் சின்ன தொழில். அதை வேலையாட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். எங்கள் மகளை அவன் மனைவி தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு வந்த பிறகு எல்லோருடைய பேச்சும் மாறியது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வராந்தா. மதியம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து ஒரு டாக்டர் அங்கே டேவிட்டிடம் பேசினார். விரிசல் ஒன்று இல்லை, முதுகெலும்பில், விலாவில், இடுப்பில் என்று பல இடத்தில் இருக்கிறது என்றார். இவ்வளவு இடத்தில் இருந்தால் உடம்பில் வேறு எங்கோ புற்றுநோய் தொடங்கி எலும்புக்குப் பரவியது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார். "செகண்டரீஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. எங்கள் டிப்போ மெக்கானிக் ஒருவர் அதே வார்த்தையோடு வீட்டுக்கு வந்து, இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

"அக்காகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன் டாக்டர். மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று டேவிட் சொன்னதும் கேட்டது.

உள்ளே வந்து, "என்னா மாமா, டீ வாங்கியாரட்டா?" என்றான். குரல் சாதாரணமாக இருந்தது. கையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டே பிளாஸ்க்கைத் தேடினான். சரி என்றேன். டீ வந்தது, குடித்தேன். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். பவுடர் போட்டு, பூ வைத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். அழுத முகத்தை மறைக்கத்தான். தொடையில் ஆணி வைக்கும் ஆபரேஷன் வெள்ளிக்கிழமை, அப்போதே எலும்பில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள் என்றாள். எதற்குப் பரிசோதனை என்று கேட்டேன்.

"சும்மாதாங்க. எல்லாருக்கும் பண்றதுதானாம்."

மூன்று பேரும் எதுவும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினோம். வலியைவிட அது கஷ்டமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் கயல்விழி வந்தார். எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. தூக்கம் போதாத கண்கள். கையில் ரத்தம் எடுக்கும் குழாய்கள் வைத்த ட்ரே.

"அண்ணா, நான் ஒரு ஆராய்ச்சி பண்றேன். அம்பது வயசுக்குள்ள இருக்கறவுங்களுக்குப் பெரிய அடி எதுவும் படாமலே எலும்பு உடையுதில்ல, அது ஏன்னு பாக்கறோம். கொஞ்சம் ரத்தம் வேணும். வழக்கமா பாக்கற டெஸ்ட்டோட இன்னும் சிலது சேத்துப் பாப்போம். செலவு எதுவும் கிடையாது. இஷ்டம் இருந்தா மட்டும் குடுங்க. இல்லன்னாலும் வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது."

டேவிட் எழுந்துவிட்டான். "எங்க மாமா படற பாடு போதாதா? அவர வெச்சுதான் நீங்க படிப்ப முடிக்கணுமா? நாங்க என்னா எலியா, வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்கறதுக்கு?"

கயல்விழி கோபப்படவில்லை. "நீங்க கேக்கறது நியாயந்தான். இதனால இவருக்கு நேரா ஏதாவது நல்லது நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா அது பொய்யாயிடும். இதுல தெரியறது பின்னால வர்றவுங்களுக்கு உதவலாம். அதுவும் 'லாம்'தான்."

அந்த வாரத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பேசவில்லை. "நேரா நல்லது நடக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒரு ஆள். நான் கையை நீட்டினேன்.

"மாமா!" என்றான் டேவிட்.

"எடுத்துக்கட்டும் மச்சான். எனக்குத்தான் செகண்டரீஸ்னு ஆயிடுச்சே. ரத்தத்த வெச்சுக்கிட்டு நான் என்னா பண்ணப்போறேன்?"

டேவிட் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கயல்விழி நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், சம்மதப் படிவத்தை எனக்கு முழுவதும் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ரத்தம் எடுத்தார். போகும்போது, "அது இன்னும் சந்தேகம் மட்டுந்தாண்ணா. யாரும் முடிவு பண்ணல" என்றார். அவர் போன பிறகு டேவிட் என் காலடியில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். அவன் தோள் குலுங்கியது. எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவனுக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தபடி உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் தன் குழுவோடு வார்டைச் சுற்றி வந்தார். எங்கள் கட்டிலுக்கு வருவதற்கு முன்பே கயல்விழி அவரை நிறுத்தி ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டாமல் கேட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டர், "ஒரு வேல்யூ குறைஞ்சிருந்தா அதுக்காக லிஸ்ட்ட மாத்த முடியுமா?" என்று சலித்துக்கொண்டது எங்களுக்கே கேட்டது.

பெரிய டாக்டர் கட்டிலருகே வந்தார். என் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தார். என்னைப் பார்த்து, "முன்ன இருந்ததுக்கு உயரம் குறைஞ்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஸ்டெல்லாதான் வாயில் கையை வைத்தாள். "டாக்டர், இவருக்கு பேண்ட்ட ரெண்டு தடவ மடிச்சுத் தச்சேன்."

அவர் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தத்தில் பாஸ்பரஸ் என்ற தாது மிகவும் குறைவாக இருக்கிறது. வழக்கமாக எலும்பு உடைந்தவர்களுக்குக் கால்சியம் பார்ப்பார்கள், பாஸ்பரஸ் எல்லோருக்கும் பார்ப்பதில்லை. இது உண்மையென்றால் இது புற்றுநோய் பரவியதாக இல்லாமல் இருக்கலாம். எலும்பே மெத்தென்று ஆகும் வேறொரு நோயாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஆணி போட்டாலும் பிடிக்காது.

"ஆனா ஒண்ணு சொல்லிடணும். காத்திருந்தா, அதுக்குள்ள விரிசல் நகர்ந்துடற ஆபத்தும் இருக்கு. இன்னிக்கு ஆணி போடலாம், இல்ல மறுபடி ரத்தமும் யூரினும் பாத்துட்டு முடிவு பண்ணலாம். நான் ரெண்டாவதச் சொல்றேன். நீங்க என்னா சொல்றீங்க?"

"ஒரு ஸ்டூடண்ட் சொன்னதுக்காக ஆபரேஷன நிறுத்தறீங்களா சார்? காலு போயிட்டா யாரு பதில் சொல்றது?" என்றான் டேவிட். அவன் கேட்டதில் தப்பில்லை. பெரிய டாக்டரும், "நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அசையாமல் படுத்திருப்பது ஒன்றுதான் என்னால் முடிந்த வேலை. "பாத்துடுங்க டாக்டர்" என்றேன். "நான் அசைய மாட்டேன்."

என் பெயரை ஆபரேஷன் தியேட்டர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அடுத்த முடிவு வரும்வரை நான் தும்மலைக்கூட அடக்கினேன். யாராவது கட்டிலை இடித்துக்கொண்டு போனால் உயிர் போய்த் திரும்பியது. ஸ்டெல்லா எடை தொங்கும் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி பார்த்ததிலும் பாஸ்பரஸ் குறைவாகத்தான் இருந்தது. ரத்தத்தில் தங்க வேண்டியது சிறுநீர் வழியாக ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. கயல்விழி எங்களுக்குப் புரியும்படி சொன்னார். எலும்பு என்பது முதலில் ஒரு மெல்லிய நார்ச்சட்டம். அதன்மேல் கால்சியமும் பாஸ்பரஸும் உப்பாகப் படிந்தால்தான் அது கெட்டியாகும். பாஸ்பரஸ் இல்லையென்றால் சட்டம் மட்டும் இருக்கும், உப்புச் சேராது. வீட்டுக்குக் கம்பி கட்டிவிட்டுக் காங்கிரீட் ஊற்றாமல் மாடி எழுப்பினால் எப்படி இருக்கும், அப்படித்தான் என் எலும்பு. அதனால்தான் முதுகெலும்புகள் அமுங்கி நான் குட்டையானேன். ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சின்ன கட்டி. அது புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆனால் அது ஒரு ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, பாஸ்பரஸை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும்.

"அந்தக் கட்டி எங்க இருக்குது?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"அதான் தெரியல. தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் எங்க வேணும்னாலும் இருக்கலாம். சில பேருக்குத் தேடிக்கிட்டே வருஷக்கணக்கா ஆயிருக்கு. சில பேருக்குக் கெடைக்கவே கெடைக்கல."

புற்றுநோய் இல்லை என்று சந்தோஷப்பட எங்களுக்கு அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

கயல்விழி என் உடம்பைத் தலையிலிருந்து தடவிப் பார்த்தார். விரல் இடுக்கு, அக்குள், முட்டிக்குப் பின்புறம், ஈறு, உள்ளங்கால். ஒன்றும் தட்டுப்படவில்லை. கட்டி கிடைக்கும்வரை பாஸ்பரஸ் கரைசல் குடிக்கக் கொடுத்தார்கள். உப்புக்கரிக்கும் தண்ணீர், நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். குடித்தால் வயிறு கலக்கும். காலில் எடையோடு படுத்திருக்கிறவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம். தினமும் பலமுறை டேவிட்தான் தட்டு வைத்தான், எடுத்தான், துடைத்தான். எனக்கு அவமானத்தில் கண் நிறைந்தது. அவன் அதைப் பார்க்காத மாதிரி, பண்ருட்டி மார்க்கெட்டில் பலாப்பழம் என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டே வேலையை முடிப்பான். ஒருநாள், "போதும் மச்சான், ஆள் வெச்சுக்கலாம்" என்றேன். "ஆளு வெச்சா அவன் பலாப்பழ வெல சொல்லுவானா?" என்றான்.

கட்டியைக் காட்டக்கூடிய ஸ்கேன் சென்னையில்தான் இருந்தது. கையில் ஊசி வழியாக ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். அது போய் அந்த வகைக் கட்டியில் ஒட்டிக்கொள்ளும். மிஷினில் படம் எடுக்கும்போது அந்த இடம் மட்டும் ஒளிரும். பணத்துக்கு டேவிட் ஏற்பாடு செய்தான். ஆம்புலன்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் முன்னால் எட்டி, "அண்ணே, மெதுவா, மெதுவா" என்று கத்தினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை வருடம் எத்தனை பேரை இப்படிக் குலுக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி போட்டபின் தனி அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். ஸ்டெல்லாவை உள்ளே விடவில்லை. மிஷினுக்குள் கை கால் அசையாமல் படுத்தேன். எனக்குள் ஒன்று ஒளிர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கட்டி வேண்டாம் என்று எல்லோரும் வேண்டுவார்கள். நான் வேண்டியது வேறு. "இருக்கட்டும், ஆனா தெரியட்டும்."

சிதம்பரம் திரும்பி முடிவுக்காகக் காத்த நாட்களில் ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் ஒரே நினைப்புதான். கட்டி கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க அந்தக் கரைசல், இந்தக் கட்டில், உடைந்துகொண்டே போகும் எலும்பு. ஒருமுறை அவள், "கெடைக்கலன்னா என்னாங்க பண்றது?" என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

கயல்விழி ஃபோனில் படத்தைத் திறந்தபடியே வார்டுக்குள் வந்தார். நடையிலேயே தெரிந்தது.

"கெடைச்சிடுச்சுண்ணா."

"எங்க?"

அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "மூக்குக்குள்ள, மேல. இடது பக்கம். கண்ணுக்குப் பக்கத்துல."

டேவிட் அவரை முறைத்தான். "மூக்குல இருக்கறது எப்படி மேடம் இடுப்ப ஒடைக்கும்?"

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் ஸ்டெல்லா சுவரில் சாய்ந்துகொண்டாள். "இவருக்கு ஒரு பக்க மூக்கு எப்பவுமே அடைச்சிருக்கும். சில நேரம் கர்சீப்புல ரத்தம்கூட இருக்கும். டீசல் புகை, தூசின்னு நெனச்சேன்." நானும் அப்படித்தான் நினைத்தேன். பஸ் ஓட்டுகிறவன் மூக்கடைப்பை எந்த டாக்டரிடம் சொல்வான்? எலும்பு டாக்டரிடம் மூக்கைப் பற்றி யார் பேசுவார்கள்?

கண்டுபிடித்த சந்தோஷத்தைக் காது மூக்கு தொண்டை டாக்டர் அளவாக்கினார். கட்டி இருக்கும் இடத்துக்கு ஒரு பக்கம் கண், மேலே மெல்லிய எலும்புத் தகடு, அதற்கு மேல் மூளை. மூக்குத் துவாரம் வழியாகவே கேமராவோடு போய் எடுக்கப் பார்ப்போம். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் அது மறுபடி ஹார்மோனைச் சுரக்கும். முழுதாக எடுக்கப்போய்த் தகடு கிழிந்தால் மூளை நீர் கசியலாம். பார்வைக்கும் ஆபத்து உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். டிரைவருக்குக் கண் போனால் என்ன மிச்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஸ்டெல்லா உடைந்துவிடுவாள்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது விளக்குகள் மேலே ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கண் விழித்தபோது மூக்கு முழுவதும் பஞ்சு. வாயால் மூச்சு விட்டேன். முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு அடுத்ததை. இரண்டிலும் ஸ்டெல்லா தெரிந்தாள். பரிசோதனைக்கு அனுப்பும் முன் டேவிட்டுக்குக் கட்டியைச் சின்ன டப்பாவில் காட்டியிருக்கிறார்கள். அவன் வந்து நம்ப முடியாமல் சொன்னான், "மாமா, ஒரு முழு முந்திரிப் பருப்பு அளவு கூட இல்ல மாமா. எங்க கணக்குல அது உடைசல்ல போடறது. இதுக்கா இத்தன வருஷம்?"

கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கயல்விழி கேட்டார். இந்த முறை டேவிட்தான் முந்திக்கொண்டு, "எடுத்துக்கங்க மேடம்" என்றான்.

ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. கட்டி முழுதாகப் போய்விட்டதா என்பதை ரத்தம்தான் சொல்ல வேண்டும். கரைசலை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து பாஸ்பரஸ் கொடுக்காமலேயே அது தானாக ஏறினால் கட்டி போய்விட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் பழைய அளவுதான். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

"கரைசல நிறுத்தினதால இருக்கலாம். பொறுங்கண்ணா" என்றார் கயல்விழி. அவர் நேராகப் பேசும் ஆள் என்பதால் அந்த "லாம்" என்னைப் பயமுறுத்தியது. டேவிட் சாப்பிடவில்லை. ஸ்டெல்லா லீவை நீட்டிக்கத் தலைமையாசிரியைக்கு ஃபோன் செய்து, பாதியிலேயே ஃபோனை என்னிடம் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் அளவு லேசாக ஏறியது. மறுநாள் இன்னும் ஏறியது. அதன்பிறகு ஒரு காலையில் கயல்விழி ஓடி வந்தார். டாக்டர்கள் ஓடி வந்தால் நோயாளிகள் பயப்படுவார்கள் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. "நார்மல்ணா! நார்மல்!" பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்த பெண்ணாடத்துப் பெரியவர், என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார். ஸ்டெல்லா கயல்விழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். டேவிட்டைக் காணோம். ஸ்டெல்லா தேடிப் போனபோது மாடிப்படிக்குக் கீழே நின்று, ஃபோனில் தன் மனைவியிடம் அழுதுகொண்டிருந்தானாம்.

ஆணி போடாமலேயே தொடை விரிசல் மூடியது. உப்புக்குக் காத்திருந்த எலும்பெல்லாம் ஒரே நேரத்தில் உறிஞ்ச ஆரம்பித்ததால் முதல் வாரங்களில் வலி கூடத்தான் செய்தது. இது நல்ல வலி என்றார்கள். வலியில் நல்லது உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் தாங்கினேன். வாக்கரில் ஆரம்பித்து, குச்சிக்கு வந்து, வீட்டுக்கும் வந்தேன். போன உயரம் போனதுதான், அது திரும்பாது.

எனக்கு வந்தது அரிதான நோய். இடுப்பு வலிக்கிற எல்லோருக்கும் மூக்கில் கட்டி இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் பெரிய அடி படாமலே எலும்பு ஒன்று மாற்றி ஒன்று உடைந்தால், பாஸ்பரஸும் பார்த்தாச்சா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு யாராவது வந்தால், என்ன, ஏது என்று நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இஷ்டம் இல்லையென்றால் மறுக்கலாம். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் எலும்பு முன்னேறிய வேகத்துக்குத் தசை முன்னேறவில்லை. தொடையில் வலுவே இல்லை. கட்டிலில் சலித்துப்போய்த் தரையில் பாய் போட்டு உட்காருவேன். ஆனால் எழ முடியாது. யாராவது இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். ஸ்டெல்லா பள்ளிக்குப் போய்விட்டால் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு அவள் வரும்வரை ஒன்று கட்டிலில், இல்லையென்றால் தரையில்.

போன மாதம் ஒருநாள் அப்படித் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர். "வெச்சிட்டுப் போறேன் சார், கையெழுத்து" என்றார். போய்க் கையெழுத்துப் போட்டேன், அவரே சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தும்போது ஃபோன் அடித்தது. ஸ்டெல்லா.

"ஏங்க, சிலிண்டர் வந்துச்சா?"

"வந்துச்சு. அவரே உள்ள வெச்சுட்டுப் போயிட்டாரு."

"கட்டில்லயா இருந்தீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பாயைப் பார்த்தேன். அதன்மேல் பேப்பர் பிரித்தபடி கிடந்தது.

"இல்ல" என்றேன். "கீழ இருந்தேன்."

மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஏதோ கதவு சாத்தும் ஓசை. சத்தம் அடங்கியது.

"யாரு தூக்கிவிட்டா?"

"யாருமில்ல."

"ஒக்காருங்க" என்றாள். "மறுபடி ஒக்காந்து எந்திரிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். உட்கார்ந்தேன். ஒரு கையை ஊன்றினேன், வலது காலை மடித்தேன், இடது தொடையில் பாரத்தைக் கொடுத்தேன். கொஞ்சம் நடுங்கியது. எழுந்தேன்.

"நின்னுட்டேன் ஸ்டெல்லா."

பள்ளிக்கூட மணி அடித்தது எனக்குக் கேட்டது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் ஃபோனை வைக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றாள்.